கடல் ஏறும் நேரம்: அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். இரவு முழுக்கப் பேருந்துப் பயணம். சூரிய உதயம் பார்த்து, இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படகுத்துறை வரிசையில் நின்றோம். "கடல் நீர்மட்டம் தாழ்வு. படகு தாமதமாகும்" என்று அறிவித்துவிட்டார்கள். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே இப்படி நடப்பது வழக்கம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எப்ப சார் தண்ணி ஏறும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் செல்போனில் ஓத நேரம் காட்டும் செயலியைத் திறந்து பார்த்தேன். வற்றம் 7.40 மணி என்று இருந்தது. "7.40 முடிந்துவிட்டது. இனி ஏற வேண்டியதுதான். ஒன்பது மணிக்குப் படகு விட்டுவிடுவார்கள்" என்று அறிவியல் ஆசிரியருக்குரிய தோரணையில் சொன்னேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. படகு கிளம்பும்போது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. வெயிலில் பிள்ளைகள் வாடிவிட்டார்கள். அன்று பார்க்க வேண்டிய சுசீந்திரத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினோம். பேருந்தில் அதே மாணவி, "சார், செல்போன் பொய் சொல்லிடுச்சா?" என்றாள்.

செல்போன் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நான்தான் தவறாகப் படித்தேன். எங்கே தவறினேன் என்று தேடப் போய், ஒரு பருவம் முழுவதற்குமான கணக்குப் பாடமும் புவியியல் பாடமும் கிடைத்தன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடற்கரை கிடையாது. எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்ப்பதே பள்ளிச் சுற்றுலாவில்தான். அதனால்தான் இது எங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு அலையின் குணம் வீட்டிலேயே தெரிந்துவிடும். நம் பிள்ளைக்கு அதைச் சொல்ல நம்மை விட்டால் ஆள் இல்லை.

சொற்களில் ஒரு சிக்கல்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாடநூலில் வரும் உயர் ஓதம், தாழ் ஓதம் என்ற சொற்கள் மாதச் சுழற்சியைக் குறிப்பவை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் அதிகமாக ஏறி அதிகமாக இறங்குவது உயர் ஓதம். அட்டமியை ஒட்டிக் குறைவாக ஏறிக் குறைவாக இறங்குவது தாழ் ஓதம். மாணவர்களோ தினமும் நீர் உயர்வதை உயர் ஓதம் என்றும், வடிவதைத் தாழ் ஓதம் என்றும் எழுதிவிடுகிறார்கள். சொல்லைப் பார்த்தால் அப்படித்தானே தோன்றும்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் தினசரி நிகழ்வுக்கு மட்டும் ஏற்றம், வற்றம் என்ற சொற்களை வகுப்பில் பயன்படுத்துகிறேன். இக்கட்டுரையிலும் அப்படியே.

அட்டவணை எப்படிப் பிறக்கிறது?

நம் நாட்டில் ஓத நேரங்களைக் கணித்து ஆண்டுதோறும் இந்திய ஓத அட்டவணையாக வெளியிடுவது இந்திய நில அளவைத் துறை. அத்துறை 1877 முதல் முறைப்படி ஓதங்களை அளந்துவருகிறது. அக்காலக் கருவி எளிமையானது. கடலோடு தொடர்புள்ள ஒரு கிணறு, அதில் ஒரு மிதவை, மிதவையோடு கம்பியால் இணைந்த ஒரு பேனா, கடிகாரம் சுழற்றும் உருளையில் சுற்றிய தாள். கிணற்றுக்குள் வாய் சிறிதாக இருப்பதால் அலையின் துள்ளல் உள்ளே வராது. மெல்ல ஏறி இறங்கும் நீர்மட்டம் மட்டும் தாளில் வளைகோடாகப் பதியும்.

அந்த வளைகோட்டைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பல தாளங்கள் ஒன்றாக ஒலிப்பது தெரியும். நிலவினால் வரும் தாளம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது. சூரியனால் வருவது சரியாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு ஒருமுறை மட்டும் அடிக்கும் தாளங்களும் உண்டு. ஒன்றுக்கு 23 மணி 56 நிமிடம், இன்னொன்றுக்கு 25 மணி 49 நிமிடம். நிலவு நெருங்கி விலகுவதால் வருவது, அதன் பாதை சாய்ந்திருப்பதால் வருவது என்று இன்னும் பல. ஒவ்வொரு தாளமும் அந்தத் துறைமுகத்தில் எவ்வளவு பலமாக, எவ்வளவு தாமதமாக ஒலிக்கிறது என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கண்டுபிடித்துவிட்டால், வருங்காலத்தில் எந்த நாளுக்கும் அவற்றைக் கூட்டி விடை காணலாம். 1872இல் வில்லியம் தாம்சன் இந்தக் கூட்டலைச் செய்யக் கப்பிகளும் பற்சக்கரங்களும் கொண்ட இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன அதே தாம்சன்தான், வெப்பநிலை அலகில் நாம் சொல்லும் பெயருக்கு உரியவர். 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே தனியாக ஓர் இயந்திரம் செய்யப்பட்டது. இன்று கணினி செய்வதும் அதே கூட்டல்தான்.

இங்கே ஏழாம் வகுப்புக்கு ஏற்ற ஒரு கணக்கு இருக்கிறது. நிலவின் தாளம் 745 நிமிடம், சூரியனின் தாளம் 720 நிமிடம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி எப்போது சேர்ந்து அடிக்கும்? ஒவ்வொரு சுற்றிலும் நிலவு 25 நிமிடம் பின்தங்குகிறது. முழுதாக 720 நிமிடம் பின்தங்க 28.8 சுற்று வேண்டும். 28.8ஐ 745ஆல் பெருக்கி 1440ஆல் வகுத்தால் 14.9 நாள். பிள்ளைகள் இந்த விடையைக் கண்டதும், "சார், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல இருக்கிற நாள்!" என்று கத்துவார்கள். உயர் ஓதம் மாதம் இருமுறை ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை. மீ.சி.ம. பாடத்துக்கு ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டும் கிடைத்துவிடுகிறது.

தினசரிக் காலண்டர் போதும்

ஒவ்வொரு வீட்டிலும் திதி போட்ட தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதை வைத்தே மாணவர்கள் ஓத நேரத்தைக் கணித்துப் பார்க்கலாம். சென்னையில் ஒரு பௌர்ணமியன்று காலை ஏற்றம் 8.30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நிலவு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வருவதால் மறுநாள் 9.20, அதற்கடுத்த நாள் 10.10, ஐந்தாம் நாள் 12.40 என்று எழுதிக்கொண்டே போகலாம். பிறகு அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டால் ஐந்தாம் நாளில் இடிக்கும். அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏற்றத்தைக் காட்டும். பதினைந்தாம் நாள் வாக்கில் மறுபடி ஒத்துப்போகும். காரணம் சூரியன். உயர் ஓத நாட்களில் ஏற்றம் நாளுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தள்ளிப்போகும். தாழ் ஓத நாட்களில் அதுவே ஒரு மணி நேரத்தையும் தாண்டும். 50 நிமிடம் என்பது சராசரி. சராசரியை ஒவ்வொரு நாளின் உண்மையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் புள்ளியியல் பாடத்தில் எத்தனை பக்கம் எழுதிப் போட்டாலும் இப்படிப் பதியாது. மாணவர்களைத் தவறான விடைக்குப் போகவிட்டு, அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தேடவைப்பது எனக்குப் பிடித்த முறை.

இன்னொரு வியப்பும் இருக்கிறது. ஒரே நிலவுதான், ஆனால் சென்னையில் நீர் ஏறி நிற்கும் வேளையில் தூத்துக்குடியில் அது கிட்டத்தட்ட வற்றிக் கிடக்கும். நிலவு தலைக்கு மேல் வரும்போது நீர் மேலே எழும் என்று கரும்பலகையில் முட்டை வடிவம் வரைந்து காட்டுகிறோம் அல்லவா? அந்தப் படம் தரையே இல்லாத பூமிக்கு மட்டுமே பொருந்தும். உண்மையில் ஓதம் பெருங்கடல்களில் நீண்ட அலையாகப் பயணம் செய்கிறது. இலங்கை, கடலடி ஆழம், வளைகுடாவின் வடிவம் எல்லாம் அதன் நேரத்தை மாற்றுகின்றன. ஆகவே ஒரு துறைமுகத்தின் அட்டவணையை இன்னொரு துறைமுகத்துக்குப் பயன்படுத்த முடியாது. செல்போன் செயலி எந்த ஊரின் நேரத்தைக் காட்டுகிறது என்று பார்க்காமல் நம்புகிறவர் முதலில் சறுக்குவது இங்கேதான்.

என் தவறு

இப்போது கன்னியாகுமரிக்கு வருகிறேன். வற்றம் 7.40 என்றால், 7.40க்குப் பிறகு நீர் ஏறத் தொடங்கும். அது சரி. ஆனால் எந்த வேகத்தில்? பாய்மரப் படகுக்காரர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ஒரு கைக்கணக்கு உண்டு. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மொத்த உயர்வைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியில் மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று.

அன்று மொத்த உயர்வு 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டு வகுப்பில் போட்டுப் பார்த்தோம். 8.40க்குள் உயர்ந்தது வெறும் 5 செ.மீ. 9.40க்குள் மொத்தம் 15 செ.மீ. 10.40க்குள் 30 செ.மீ. படகின் அடிப்பகுதி பாறையில் தட்டாமலிருக்கப் பாதி உயர்வாவது வேண்டும் என்றால், அது பதினொரு மணிக்குச் சற்று முன்தான் கிடைக்கும். படகுத்துறையில் இருந்தவர்கள் எந்த அட்டவணையையும் பார்க்காமல் சரியாகச் செய்தார்கள். நான் அட்டவணையைப் பார்த்துத் தவறாகச் சொன்னேன். "எப்போது திரும்பும்" என்பதற்கான விடையை "எப்போது போதும்" என்ற கேள்விக்குக் கொடுத்துவிட்டேன்.

இதைச் செயல்வழியில் காட்ட ஒரு வாளியும் அளவுகோலும் போதும். ஆறு குவளைகளில் 1, 2, 3, 3, 2, 1 என்ற அளவில் நீர் எடுத்து ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மட்டத்தைக் குறித்து வரைபடம் வரையச் சொல்லலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே அழகாக வரைகிறார்கள். வரும் வளைவு பத்தாம் வகுப்பில் அவர்கள் சந்திக்கப்போகும் சைன், கொசைனுக்கு முன்னறிமுகம்.

நிமிடம் வரை துல்லியமா?

அட்டவணையில் 9.12 என்று போட்டிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை எவ்வளவு நம்பலாம்? பத்தாம் வகுப்பு முக்கோணவியல் அட்டவணையே இதற்கு விடை தருகிறது.

ஒரு முழுச் சுற்று 360 பாகை, 745 நிமிடம். ஆகவே ஒரு பாகைக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 10 பாகை என்றால் ஏறத்தாழ 20 நிமிடம். கொசைன் 10 பாகையின் மதிப்பு 0.9848. சென்னையில் உயர் ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் வேறுபாடு. அதில் பாதி 50 செ.மீ. ஏற்றத்தின் உச்சத்துக்கு 20 நிமிடம் முன்போ பின்போ நீர்மட்டம் உச்சத்தைவிட எவ்வளவு குறைந்திருக்கும்? 50ஐ 0.0152ஆல் பெருக்கினால் 0.76 செ.மீ. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. தாழ் ஓத நாளில் மொத்த வேறுபாடு 40 செ.மீ. என்றால் விடை 0.3 செ.மீ., அதாவது மூன்று மில்லிமீட்டர். ஒரு கட்டுமரம் கடந்து போனால் எழும் அலை அதைவிடப் பெரிது.

உச்சத்தருகே நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. எப்போது திரும்பியது என்று கடலுக்கே தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சிறு காற்று ஒரு சென்டிமீட்டரைக் கூட்டினாலோ குறைத்தாலோ உச்ச நேரம் கால் மணி, அரை மணி இடம் மாறிவிடும். 9.12 என்ற நிமிடத் துல்லியம் கணக்கினுடையது, கடலினுடையது அல்ல. அளவுகோலின் நுட்பமும் அளக்கப்படும் பொருளின் தெளிவும் வேறு வேறு என்பதை அறிவியல் பாடத்தில் அளவீட்டுப் பகுதி நடத்தும்போது இதைக்கொண்டு விளக்கினால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதே கணக்கைக் குஜராத்தின் பாவ்நகருக்குப் போட்டால் வேறு கதை. காம்பே வளைகுடா புனல்போல ஒடுங்குவதால் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 10 மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. 20 நிமிடத்தில் உச்சத்திலிருந்து 7.6 செ.மீ. இறங்கிவிடும். இடைப்பட்ட மணி நேரங்களிலோ மணிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் நீர் ஓடும். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயிலும் 12 மீட்டருக்கு மேல் போகும். அங்கெல்லாம் விளையாட்டுப் படகுக்காரர் அட்டவணையைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்க மாட்டார். ஒரு மணி தவறினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் படகுச் சங்கத்தில் பாய்மரம் பழகுபவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. அவர்கள் முதலில் பார்ப்பது காற்றை. ஒரே அட்டவணை, ஒரே கணித முறை, ஆனால் அதன் பிழை ஓரிடத்தில் உயிர்ப்பிரச்சினை, இன்னோரிடத்தில் பொருட்டே இல்லை.

அட்டவணைக்கு வெளியே நிற்பவை

நம் கரையில் ஓதம் சிறிது என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. வானிலை ஓதத்தை எளிதில் மிஞ்சிவிடும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். புயலின் நடுவே அழுத்தம் 30 மில்லிபார் குறைந்தால் அதனால் மட்டுமே 30 செ.மீ. கரையை நோக்கி வீசும் காற்று நீரைக் குவிப்பது தனி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் கடலைப் பல மீட்டர் உயர்த்தியது. அப்பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. அன்றிரவுக்கும் ஓத அட்டவணையில் ஒரு நேரமும் ஓர் உயரமும் அமைதியாக அச்சாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் மட்டமே நம் கரையில் உயர்ந்து நிற்கிறது. இதன் சராசரியை அட்டவணை சேர்த்துக்கொள்ளும். இந்த ஆண்டு அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதை அதனால் சொல்ல முடியாது.

கழிமுகங்களிலும் அட்டவணை தடுமாறும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் ஓதம் குறுகிய கால்வாய்கள் வழியே நுழைவதால் கடற்கரையைவிடப் பிந்தித்தான் ஏறும். முட்டுக்காட்டில் கோடையில் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும்போது, வெளியே கடல் ஏறி இறங்கினாலும் உள்ளே படகுக் குழாமில் நீர் அசையாது.

ஆகவே மாணவர்களிடம் கரும்பலகையில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறேன். நிலவும் சூரியனும் செய்வது ஒரு பக்கம். அதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணிக்கலாம், கிரகணத்தைக் கணிப்பதுபோல. காற்றும் அழுத்தமும் மழையும் செய்வது மறுபக்கம். அதைச் சில நாட்களுக்கு முன்தான் சொல்ல முடியும், மழை அறிவிப்புபோல. அட்டவணை முதல் பக்கத்தை மட்டுமே அறியும். "அறிவியல் சொன்னது பலிக்கவில்லை" என்று பேசும் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள்.

கிரகணம்போலவும் இல்லாமல் மழைபோலவும் இல்லாமல் மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். அன்று ஆழிப்பேரலை வந்ததால் பௌர்ணமிதான் காரணம் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். காலை 6.29க்குச் சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கம், ஒன்பது மணியளவில் நம் கரையில் அலை. நிலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த அலைகளை நாகப்பட்டினம், சென்னை ஓதமானிகள் அன்றே தாளில் பதிவு செய்திருக்கின்றன. ஓதத்தை அளக்க வைத்த பேனா, ஓதம் அல்லாத ஒன்றை வரைந்து காட்டியது. எதிர்பார்த்த வளைகோடு கையில் இருந்ததால்தான் எதிர்பாராதது தனியே தெரிந்தது.

செய்தித்தாளை வைத்து ஒரு பாடம்

"திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்ற செய்தி ஆண்டுக்குப் பல முறை வருகிறது. அதை வகுப்புக்குக் கொண்டுபோய் மூன்று கேள்விகள் கேட்கிறேன். அன்று என்ன திதி? அந்த நேரத்துக்கு அட்டவணை என்ன சொல்கிறது? எவ்வளவு நேரத்தில் உள்வாங்கியது? பெரும்பாலும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளாக, வற்ற நேரமாக இருக்கும். மணிக்கணக்கில் மெதுவாக இறங்கியிருந்தால் அது ஓதம். சில நிமிடங்களில் சட்டென உள்வாங்கினால் அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, மேட்டை நோக்கி ஓட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் எல்லா வகுப்பிலும் மூன்று முறை சொல்கிறேன்.

சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு இன்னொன்று. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. தொலைவில் தென் பெருங்கடலில் வீசும் புயல்களால் கிளம்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து, உள்ளூரில் காற்றே இல்லாத, வானம் தெளிந்த நாளில் கரையில் திடீரென ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஓத அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இப்போதெல்லாம் கடலோரப் பயணத்துக்கு முன் நான் அட்டவணையை ஒருமுறை பார்க்கிறேன், இன்காய்ஸ் அறிவிப்பைக் கிளம்பும் நாளிலும் காலையிலும் பார்க்கிறேன். இரண்டிலும் எதுவும் இல்லாவிட்டாலும் கரையில் நிற்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளைத் தண்ணீர் அருகே விடுகிறேன்.

கடல் இல்லாத ஊரில் கடல்மட்டம்

அட்டவணையில் 0.3 மீட்டர் என்று இருந்தால் கடல் முப்பது சென்டிமீட்டர் ஆழம் என்று ஒரு மாணவன் எழுதினான். அது ஆழம் அல்ல. கடல் வரைபடத்தில் குறித்த ஆழத்தோடு கூட்ட வேண்டிய எண். அதன் சுழி, நீர் இதற்குக் கீழே பெரும்பாலும் இறங்காது என்று தேர்ந்த ஒரு தாழ்ந்த மட்டம். சராசரிக் கடல்மட்டம் வேறு. சராசரிக் கடல்மட்டத்தைக் காட்ட நாங்கள் கடலுக்குப் போக வேண்டியதில்லை. அரியலூர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது. (பெரம்பலூர் நகருக்கு இன்னும் ரயில் வரவில்லை, அதனால் அரியலூர்தான் போக வேண்டும்.) எந்தக் கடல், எந்த நேரத்து மட்டம் என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ஒன்றை அளவின் தொடக்கமாக எப்படி வைத்தார்கள்? சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் ஓதமானிகள் பதிந்ததைச் சராசரியாக்கி, 1909இல் நாடு முழுவதற்குமான உயர அளவைகளை அதோடு பொருத்தினார்கள். மிதவையும் பேனாவும் வரைந்த அந்தக் கோடுகள்தான் நம் ஊர்ப் பலகை வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தை முடிக்கும்போது, காரைப் பகுதியில் பொறுக்கிய புதைபடிவச் சிப்பி ஒன்றைக் கையில் வைத்திருந்த மாணவன், "இது உயிரோட இருந்தப்ப எங்க ஊருல எத்தனை மணிக்கு சார் ஏற்றம்?" என்று கேட்டான். அந்த நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வேறொன்று சொல்ல முடிந்தது. ஓதத்தின் உராய்வு பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறது. ஓமன் நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழைமையான ஒரு சிப்பியின் அன்றாட வளர்ச்சிக் கோடுகளை எண்ணிய ஆய்வு 2020இல் வெளியானது. அப்போது ஓர் ஆண்டுக்கு 372 நாள் இருந்ததாக அது கண்டது. நம் அரியலூர்ப் பாறைகளில் ஒரு பகுதி அதே காலத்தை ஒட்டியவை. ஆண்டின் நீளம் மாறாது என்று கொண்டு, ஓர் ஆண்டின் மொத்த மணி நேரம் 8766ஐ 372ஆல் வகுக்கச் சொன்னேன். 23 மணி 34 நிமிடம் வந்தது.

அவன் கொஞ்ச நேரம் விடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா அப்ப அரை மணி முன்னாடியே பள்ளிக்கூடம் விட்டிருப்பாங்க சார்" என்றான்.